மணிக்கட்டில் காப்பு, மார்பில் தஸுகி

கந்த சஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள் காலையில், கியோத்தோவுக்கு வெளியே ஓர் ஆற்றங்கரைச் சாலையில், எங்கள் ஓட்டக் குழுவின் நீல நிறத் தஸுகியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் நான் நின்றேன். வியர்வையில் ஊறிக் கனத்திருந்த அந்தத் துணிப்பட்டையின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. நெற்றியில் பூசியிருந்த திருநீறு கரைந்து கண்ணில் இறங்கி எரிந்தது. கண் எரிந்ததற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

ஜப்பானில் எகிதென் என்று ஒரு தொடரோட்டம் உண்டு. நம் பள்ளிகளில் கோலைக் கைமாற்றி ஓடுவதைப் போல, இங்கே தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக மாலைபோல் அணியும் தஸுகி என்ற பட்டையைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஓட்டத்தை முடிக்க வேண்டும். சாலையை நெடுநேரம் மறித்துவைக்க இயலாது என்பதால், குறித்த நேரத்துக்குள் தஸுகி வந்து சேராத குழுவின் அடுத்த ஓட்டக்காரரை, மாற்றுப் பட்டை ஒன்றை அணிவித்து நடுவர்கள் புறப்படச் செய்துவிடுவார்கள். அதன்பின் அந்தக் குழு ஓடி முடித்தாலும் அதன் தஸுகி வழியில் அறுந்துவிட்டது என்றே பொருள். தோற்பதைவிட அதைத்தான் இங்குள்ளவர்கள் பெருந்துயரமாக எண்ணுகிறார்கள். என்னால் எங்கள் குழுவுக்கு நேர்ந்தது அதுதான்.

நான் தாராபுரம் பக்கத்துக்காரன். தைப்பூசத்துக்கு அப்பாவின் கைபிடித்துப் பழனிக்குப் பாதயாத்திரை போன கால்கள் என்னுடையவை. வேலை நிமித்தமாகக் கியோத்தோவுக்கு வந்த பிறகு, மொழியும் முகங்களும் பிடிபடாத முதல் குளிர்காலத்தில், காமோ ஆற்றங்கரையில் ஞாயிறுதோறும் ஓடிய ஓர் அமெச்சூர் குழுவில் சேர்ந்தேன். அவர்கள்தாம் எனக்கு இந்த ஊரைக் கொடுத்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் வீட்டில், அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்த பழனியாண்டவர் படத்தையும் விரலளவு வேலையும் பற்றி அவர்களிடம் ஒரு சொல்கூட நான் சொன்னதில்லை. பயிற்சிக்குப் பின் எல்லோரும் சேர்ந்து உண்ணும்போது, குழம்பின் அடியில் மீன் சாறு இருக்கிறது என்று தெரிந்து, வயிறு சரியில்லை என்று பொய் சொல்லி வெறும் சோறு தின்ற நாட்கள் பல. அந்த ஆண்டு சஷ்டியும் அப்படித்தான். நான்கு நாட்களாக இரவில் மட்டும் பாலும் பழமும் உண்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், எட்டுக் கிலோமீட்டர் பகுதியை ஓட ஒப்புக்கொண்டேன். ஆறாவது கிலோமீட்டரில் தொடைகள் இறுகி, சாலை கண்ணுக்கு முன்னால் வெளுத்துப் போயிற்று.

யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எங்கள் குழுத் தலைவர் அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவர் மட்டும் மாலையில் என்னைத் தனியே அழைத்து, என் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டி அது என்ன என்று கேட்டார். ஆறு நாள் நோன்பையும், சூரனை வென்ற முருகனையும் பற்றி எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னார்: "நீங்கள் உண்ணாமல் ஓடியது உங்கள் தெய்வத்துக்கும் உங்களுக்கும் உள்ளது. எங்களிடம் சொல்லாமல் ஓடியதுதான் எனக்கு வருத்தம்." பிறகு, எதையோ நினைவுகூர்ந்தவர்போல், "போர்த்தளபதியான இளம் தெய்வம் என்கிறீர்களே, இதாதெனையா சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அதுவரை இதாதென் என்பதை வேகமாக ஓடுபவரைப் பாராட்டும் ஒரு சொல்லாகவே நான் அறிந்திருந்தேன். பயிற்சியில் யாராவது பாய்ந்து முன்னேறினால், "இதாதென் மாதிரி!" என்று மற்றவர்கள் கூவுவார்கள். அது ஒரு தெய்வத்தின் பெயர் என்பதும், 'தென்' என்ற ஈறு தேவனைக் குறிக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஸ்கந்தன் என்ற பெயர் சீன எழுத்துகளில் ஒலிபெயர்க்கப்பட்டு, பிரதி எடுத்தவர்களின் கையில் ஓரெழுத்து இன்னோரெழுத்தாகத் திரிந்து, வெய்த்துவோ என்றாகி, ஜப்பானுக்கு வந்தபோது இதாதென் ஆயிற்று என்பது பௌத்த அறிஞர்கள் தரும் விளக்கம். நான்கு திசைக் காவலர்களுள் தென்திசைக்குரிய விரூடகரின் எட்டுத் தளபதிகளில் இவரும் ஒருவர். புத்தரின் பல்லை ஓர் அசுரன் திருடிக்கொண்டு ஓடியபோது துரத்திப் பிடித்து மீட்டவர் என்ற கதையால்தான் ஓட்டக்காரர்களின் தெய்வமானார். அந்தக் கதை கியோத்தோவின் சென்யூ-ஜி கோயிலைக் களமாகக் கொண்டு 'நோ' என்ற ஜப்பானியப் பழம் நாடக வடிவிலேயே ஆடப்படுகிறது. என் முருகன் எனக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த நாட்டுக்கு வந்து, ஓடுபவர்களுக்குத் துணையாக நின்றுகொண்டிருக்கிறான் என்று எண்ணியபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அவரைக் காண வேண்டும் என்றேன். "உஜியில் மன்புக்கு-ஜி கோயிலில் நிற்கிறார், ஓடியே போகலாம்" என்றார் தலைவர்.

தைப்பூசத்தை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். விடிவதற்கு முன்பே குளித்து, திருநீறு பூசி, அலமாரியின் முன் நின்று இதை என் பாதயாத்திரையாக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டிக்கொண்டு இறங்கினேன். கிளம்பிய இடம் சான்ஜோ பாலம். 1917ஆம் ஆண்டு ஏப்ரலில், முதல் எகிதென் இந்த இடத்திலிருந்துதான் டோக்கியோவின் உவேனோவை நோக்கிப் புறப்பட்டது. 508 கிலோமீட்டர் தூரத்தை 23 பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, இரவும் பகலுமாக மூன்று நாள் ஓடியிருக்கிறார்கள். அதைக் குறிக்கும் கல் பாலத்தருகே இருக்கிறது. தலைவர் அதன்முன் தலைதாழ்த்தி வணங்கினார். கோயிலுக்குப் போகுமுன் பிள்ளையாரை வணங்கும் நினைவோடு நானும் வணங்கினேன்.

அங்கிருந்து மன்புக்கு-ஜி சுமார் 15 கிலோமீட்டர். ஆற்றை ஒட்டித் தெற்கே இறங்கி, புஷிமியைக் கடந்து கிழக்கே திரும்ப வேண்டும். பனிக்காற்றில் காது மரத்துப்போயிருந்தது. நான் ஓடும்போது எப்போதும் மனத்துக்குள் ஆறெழுத்தைச் சொல்வேன். ச-ர-வ என்ற மூன்று அடிக்கு மூச்சை உள்ளே இழுத்து, ண-ப-வ என்ற மூன்று அடிக்கு வெளியே விட்டால், ஆறடிக்கு ஒரு மந்திரமாகக் கால் தானே ஒரு கதிக்கு வந்துவிடும். அன்று தலைவர் என் உதடுகளைக் கவனித்துவிட்டு என்ன சொல்கிறேன் என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். ஜப்பானிய நாவுக்கு ணகரம் வரவில்லை. அவர் நாவுக்கு வந்தபடியே, வெண்மூச்சு விட்டுக்கொண்டு, இருவரும் ஒரே தாளத்தில் ஓடினோம். பழனிப் பாதையில் முன்னே செல்பவர் 'வேல் வேல்' என்க, பின்னே வருபவர் 'வெற்றிவேல்' என்று முழங்கும் அந்தக் கூட்டத்தில் நான் திரும்பவும் சேர்ந்துவிட்டதாக உணர்ந்தேன்.

மன்புக்கு-ஜி, சீனாவிலிருந்து 1654இல் வந்த இன்கென் என்ற துறவி 1661இல் நிறுவிய ஓபாக்கு ஜென் மரபின் தலைமைக் கோயில். கியோத்தோவின் மற்ற கோயில்களைப் போல் இல்லாமல், வாயிலிலிருந்தே சீனக் கட்டடக் கலையின் சாயல் தெரியும். நடைபாதையில் சாய்சதுரமாகப் பதித்த கற்கள் நாகத்தின் முதுகுச் செதில்களாம். முதல் மண்டபத்தில், பெருத்த வயிறும் வாய் நிறைந்த சிரிப்புமாக, வருங்கால புத்தரின் அவதாரமாகக் கருதப்படும் ஹோதெய் பொன்னிறத்தில் அமர்ந்து வருபவர்களை வரவேற்கிறார். பெரும்பாலோர் அவரைப் படமெடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள்.

அவருக்கு நேர் பின்புறம், முதுகோடு முதுகாக, உள்ளே இருக்கும் பெரிய மண்டபத்தை நோக்கி இதாதென் நிற்கிறார்.

கவசமும் தலைக்காப்பும் அணிந்த இளைஞர். மீசை அரும்பாத முகம். நான் முதலில் வேலைத் தேடினேன், இல்லை. மயிலைத் தேடினேன், அதுவும் இல்லை. வள்ளியும் தெய்வானையும் இல்லை. வழிநெடுகப் பெயரும் உருவும் மாறி, புத்தரின் காவலராகிவிட்ட இவரும் ஆறுபடை வீட்டில் இருப்பவரும் ஒருவரே என்று யாரிடமும் நான் வாதாட மாட்டேன். இங்குள்ள துறவிகளுக்கு அவர் இதாதென்தான். அந்த மரியாதையை நான் குலைக்கக் கூடாது. ஆனாலும் அந்த இளமை எனக்குத் தெரிந்த இளமை. கைகூப்பி நின்றபோது வாயில் வந்தது 'முருகா' என்ற ஒரு சொல்தான்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அப்போது நினைவில் வந்தது மாம்பழக் கதை. உலகைச் சுற்றி வரச் சொன்னார்கள். அண்ணன் பெற்றோரைச் சுற்றிவந்து கனியைப் பெற்றுக்கொண்டார். தம்பியோ சொன்ன சொல்லை அப்படியே ஏற்று, மலையும் கடலும் கடந்து முழுத் தூரத்தையும் முடித்துவிட்டு வந்து, வெறுங்கையோடு நின்றான். சிறுவயதிலிருந்து நூறுமுறை கேட்ட அந்தக் கதையில், பந்தயத்தை உண்மையாக ஓடி முடித்தும் பிந்தி வந்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது அன்றுவரை எனக்கு உறைத்ததில்லை. தஸுகியை நீட்டிக்கொண்டு ஆளில்லாமல் நின்ற அந்தக் காலையை அவன் காலடியில் சொல்லி அழுதேன். தலைவர் சற்றுத் தள்ளிப்போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பெரிய மண்டபத்துக்குப் போனோம். 1668இல் எழுந்த அந்த மண்டபம் தேக்கு மரத்தால் ஆனது. ஜப்பானில் இவ்வளவு பெரிய பழங்கட்டடம் தேக்கில் அமைந்தது அபூர்வம். ஜப்பானியர் அம்மரத்தைச் 'சீக்கு' என்கிறார்கள். ஐரோப்பியர் வாய்வழியே சுற்றி வந்த நம் ஊர்த் தேக்குதான் அது என்று தலைவரிடம் சொன்னபோது, அவர் ஒரு தூணைக் கையால் தடவிப் பார்த்தார்.

மதிய உணவு அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த ஃபுச்சா விருந்து. இன்கென் துறவி கொண்டுவந்த மரபில், புலாலும் மீன் சாறும் அறவே இல்லாத கோயில் சமையல். எள்ளை அரைத்துச் செய்த தோஃபு வெண்ணெய்போல் நாவில் கரைந்தது. இந்த நாட்டுக்கு வந்து, எதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல், ஒரு பொய்யும் சொல்லாமல், மற்றவரோடு ஒரே பாத்திரத்திலிருந்து நான் உண்ட முதல் வேளை அதுதான். உண்டு முடித்ததும் வழக்கப்படி "கொச்சிசோ-சமா" என்றேன். தலைவர் புன்னகைத்தார். அந்தச் சொல்லை எழுதும் எழுத்துகளுக்கு ஓடித்திரிதல் என்பது பொருளாம். விருந்தினருக்காக ஓடியாடி உணவு சேர்த்தவருக்குச் சொல்லும் நன்றி அது. புத்தருக்காக ஓடி ஓடி உணவு திரட்டியவர் இதாதென் என்ற கதையை இதனோடு சேர்த்துச் சொல்வார்கள். ஜென் கோயில்களின் சமையற்கட்டில் அவரை வைத்து வணங்குவதும் அதனால்தான். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு வேளையும், தெரியாமலே நான் அவரை நினைத்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு ஓட்டத்துக்கு நாள் குறித்தபோது, அது விரதத்தின் இரண்டாம் நாளில் விழுந்தது. இம்முறை கூட்டத்தில் எழுந்து எல்லோரிடமும் சொன்னேன். ஓடாமல் ஒதுங்கிக்கொள்ளவும் தயார் என்றேன். தலைவர் தாளில் எதையோ எழுதிப் பார்த்துவிட்டு, மூன்று கிலோமீட்டர் கொண்ட பகுதியை எனக்குக் கொடுத்து, அதற்கு அடுத்த பகுதியைத் தாமே எடுத்துக்கொண்டார். என் இடத்தில் எட்டுக் கிலோமீட்டர் ஓட ஒரு கல்லூரி மாணவர் தாமாகவே முன்வந்தார். அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஓடற அன்னைக்கு ஒருவேளை சோறு தின்னுக்கோ சாமி. முருகன் என்ன கணக்கா பாத்துட்டிருக்கான்? பட்டினி கெடந்து ஊரான் புள்ளைகளக் காக்க வெச்சீன்னா அவனுக்கே பொறுக்காது" என்றார். விரத நெறி தெரிந்த வேறு யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அம்மா சொன்னபடியே ஒருவேளைச் சோற்றோடு விரதத்தைத் தொடங்கினேன்.

அன்று காலை திருநீற்றை நெற்றியில் குழைத்துப் பூசாமல், கண்ணுக்கு இறங்காதபடி மெல்லிய கீற்றாக இட்டுக்கொண்டேன். மூன்றாம் கிலோமீட்டரின் முடிவில், தஸுகியைக் கழற்றி இரு கைகளாலும் விரித்துப் பிடித்தபோது, அதன் நீலமும் மணிக்கட்டின் மஞ்சள் காப்பும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எதிரே தலைவர் கையை உயர்த்தி என் பெயரை உரக்கக் கூவிக்கொண்டிருந்தார். அவர் பட்டையைப் பற்றி, தலைவழியே மாட்டிக்கொண்டு திரும்பிய அந்த நொடியில், அவர் உதடு ச-ர-வ என்று அசைந்ததைப் பார்த்தேன்.

தஸுகியைத் துவைத்து வைக்கும் முறை அவ்வாண்டு என்னுடையது. அதைத் துவைத்துக் காயவைத்து, மடித்து, பழனியாண்டவர் படத்தின் கீழே வைத்தேன். சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூரில் மாலை நான்கரை மணி ஆகும்போது இங்கே இரவு எட்டு. கடற்கரையில் வேல் பாய்வதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, மறுநாள் திருக்கல்யாணம் முடிந்ததும் காப்பை அவிழ்த்துத் துளசித் தொட்டியின் மண்ணில் இட்டேன். ஞாயிறு காலை, தஸுகியைப் பையில் வைத்துக்கொண்டு காமோ ஆற்றங்கரைக்கு இறங்கினேன். தலைவர் எனக்கு முன்பே வந்து, குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.