பதிகம் நினைவில் நிற்கும் விதம்: மொரீசியஸ் நாட்குறிப்பு

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

தைப்பூசக் காவடி நோன்பு நடந்துகொண்டிருப்பதால், காத்ரு போர்ன் நகரக் கோயிலில் மாலைதோறும் தேவாரமும் திருப்புகழும் ஒலிக்கின்றன. பாடுவோரில் பலருக்கு வீட்டு மொழி கிரியோல். அவர்களுடைய பாட்டு நோட்டில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில்தான் உள்ளன. ஆயினும் நீண்ட பதிகங்களை நோட்டைப் பாராமல் பாடிவிடுகிறார்கள். இதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பொருள் விளங்காமலே இத்தனை சொற்கள் வரிசை குலையாமல் நிற்கின்றன என்றால், அவற்றைத் தாங்குவது எது, எந்த இடத்தில் அந்தத் தாங்கல் தளர்கிறது என்பதே என் ஆய்வின் கேள்வி.

4 பிப்ரவரி, செவ்வாய்

மெட்டு சொற்களை நினைவில் நிறுத்த உதவுகிறதா என்று வாண்டா வாலஸ் என்ற ஆய்வாளர் 1994-இல் வெளியிட்ட ஆய்வை மறுபடியும் படித்தேன். ஒரு கதைப்பாடலின் 3 பத்திகளை ஒரே மெட்டில் கேட்டவர்கள், அவற்றைப் பேச்சாகக் கேட்டவர்களைவிடச் சொற்களை நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஆனால் ஒரே ஒரு பத்தியைப் பாட்டாகக் கேட்டபோதும், பத்திக்குப் பத்தி மெட்டு மாறியபோதும், பேச்சாகக் கேட்டவர்களே முந்தினார்கள். அதாவது, மெட்டும் முதலில் கற்க வேண்டிய ஒரு பாடம்தான். பழகிய பிறகே அது சொல்லுக்குத் துணையாகிறது. சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் 11 பாட்டுகள் ஒரே பண்ணில், ஒரே யாப்பில் வருவதால், இதைச் சோதிக்க அவற்றைவிடப் பொருத்தமான பாடல் எனக்குத் தெரியவில்லை.

6 பிப்ரவரி, வியாழன்

ரோஸ் ஹில்லில், எல்லோரும் தாந்தீன் என்று அழைக்கும் ஒரு மூதாட்டியின் பாடலைப் பதிவு செய்தேன். முதல் திருமுறையின் முதல் பதிகத்தை எடுத்துக்கொண்டு, கண்களை மூடி, வலக்கையால் மடியில் தாளம் தட்டியபடி நட்டபாடைப் பண்ணில் பாடினார். மூன்றாம் பாட்டில் 'நீர்பரந்த', 'ஏர்பரந்த' என்று தொடங்கும் 2 அடிகளும் சரியாக வந்தன. அடுத்து 'ஊர்பரந்த' என்று வர வேண்டிய இடத்தில், ஆறாம் பாட்டின் மூன்றாம் அடியான 'கறைகலந்த' வந்துவிட்டது. தாளம் இம்மியும் பிசகவில்லை. மெட்டைப் பொறுத்தவரை அது தவறான இடமும் அன்று, ஏனெனில் எல்லாப் பாட்டின் மூன்றாம் அடிக்கும் மெட்டு ஒன்றே. அந்த அடி முடிவதற்குள் தாந்தீனின் கை நின்றது. “மகளே, இது இங்கே சேராது” என்று கிரியோலில் சொல்லிவிட்டு, அந்தப் பாட்டின் முதலடியிலிருந்து மறுபடி தொடங்கி, இம்முறை தடையின்றி முடித்தார்.

எதுகைதான் அவரை எச்சரித்தது என்று எண்ணுகிறேன். வாய்மொழி மரபுகளின் நினைவாற்றலை ஆராய்ந்த டேவிட் ரூபின், பொருள், மனக்காட்சி, ஒலியமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே அடுத்து வரக்கூடிய சொல்லின் எல்லையைக் குறுக்குகின்றன என்று 1995-இல் எழுதினார். தாந்தீனுக்கு அந்தப் பாட்டில் முதல் இரண்டும் இல்லை. காதில் விழும் ஓசை ஒன்றே காவல். எட்டாம் பாட்டிலிருந்து நிலைமை வேறு. எட்டில் இராவணன், ஒன்பதில் அடிமுடி தேடிய திருமாலும் நான்முகனும், பத்தில் சமணரும் புத்தரும், பதினொன்றில் சம்பந்தரின் பெயர் என்பது சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் காணும் வரிசை. இராவணன் கதையைச் சிறுவயதில் தாத்தா சொல்லக் கேட்டதாகத் தாந்தீன் சொன்னார். எட்டாம் பாட்டிலும் அதற்குப் பின்னும் ஓரிடத்திலும் அவர் தடுமாறவில்லை. ஒருவர் பாடியதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் பொருள் என்பது பாடம் முடிந்தபின் சேர்த்துக்கொள்ளும் அலங்காரம் என்ற எண்ணத்தை இந்தப் பதிவு எனக்குள் பெரிதும் அசைத்துவிட்டது.

8 பிப்ரவரி, சனி

கோயில் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் அடியைச் சொல்லி, அடுத்த அடியைக் கேட்டேன். பாட்டின் முதலடியைச் சொன்னால் விடை உடனே வந்தது. மூன்றாம் அடியைச் சொன்னாலோ, உதடுகள் மெல்ல அசைய, முதலடியிலிருந்து உள்ளுக்குள் பாடி வந்த பிறகே விடை சொன்னார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் ஒரு குறிப்பிட்ட எழுத்துக்கு அடுத்தது எது என்று கேட்டபோதும் இதே போக்கு தெரிந்ததை கிளார், சேஸ், லவ்லேஸ் ஆகிய உளவியலாளர்கள் 1983-இல் பதிவு செய்தார்கள்: வரிசை சிறு தொகுதிகளாக நினைவில் இருப்பதால், தொகுதியின் தொடக்கத்திலிருந்தே தேட வேண்டியிருக்கிறது. பாட்டாகக் கற்றதற்கு வாசல்கள் குறைவு.

11 பிப்ரவரி, செவ்வாய்

காவடி நாள். பதிவுக் கருவியை எடுத்துச் செல்லவில்லை. ஒரே நாளில் குவித்துப் படிப்பதைவிட நாள்களில் பரப்பிப் படிப்பது நிலைக்கும் என்று நினைவாற்றல் ஆய்வின் முன்னோடியான எபிங்காஸ் 1885-இல் காட்டியதை, நோன்பு மாலைகளின் பாட்டு முறை இங்கே தலைமுறைகளாகச் செய்து வருகிறது.

14 பிப்ரவரி, வெள்ளி

வகுப்பு ஆசிரியையுடன் பேசினேன். மெட்டு நன்றாகப் பழகும் வரை முதல் பாட்டை மட்டும் பாட வைப்பது; பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் அதில் வரும் காட்சியைப் பிள்ளைகளைக் கொண்டே வரையச் சொல்வது; அதன்பின் மெட்டில்லாமல் இடையடிகளிலிருந்தும் சொல்லச் செய்வது என்று முடிவு செய்தோம். இன்னொரு வகுப்பு வழக்கம்போலவே பாடும். 2 வகுப்புகளிலும், எந்தப் பாட்டிலிருந்து எந்தப் பாட்டுக்குத் தாவுகிறார்கள் என்பதைத் தனித்தனியே குறித்து ஒப்பிடப் போகிறேன்.