பாம்பன் வண்டியும் நாலு ஓமும்

மே 26

மீன்பிடித் தடைக்காலத்தில் என் கார் ஆடியோ பட்டறைக்கு வேலை கூடும். விசைப்படகு கரையில் கிடக்கும்போதுதான் படகுக்காரர்களுக்கு வண்டியைக் கவனிக்க நேரம். இன்று பாம்பனிலிருந்து ஒரு தம்பி பொலிரோவோடு வந்தார். டிக்கியில் பேஸ் சத்தத்துக்கான 12 அங்குல ஸ்பீக்கர், அதாவது சப்வூஃபர் (சப்) இரண்டு, அவற்றை ஓட்ட இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ஒன்று.

"சத்தத்தைக் கூட்டுனா சிவப்பு லைட் எரிஞ்சு ஆஃப் ஆயிருதுண்ணே. ஆம்ப் போச்சா?"

போகவில்லை. ஒவ்வொரு சப்பிலும் கோனை அசைக்கும் 4 ஓம் காயில் இரண்டு உண்டு. ஓம் என்பது மின்தடையின் அளவு, அது குறைந்தால் ஆம்ப் தள்ள வேண்டிய கரண்ட் கூடும். நான்கு காயிலையும் பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்து, ஆம்பின் இரண்டு சேனலையும் ஒன்றாக்கும் பிரிட்ஜ் இணைப்பில் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 1 ஓம். மீட்டர் 0.9 காட்டியது. பிரிட்ஜில் குறைந்தது 4 ஓம் என்று ஆம்பின் மேலேயே அச்சிட்டிருக்கிறது.

மே 27

"ஸ்டீரியோவுல 2 ஓம் தாங்குதே, பிரிட்ஜுல மட்டும் ஏன் 4?" என்று கேட்டார் தம்பி. ஸ்டீரியோ என்றால் இரண்டு சேனலும் தனித்தனியாக ஓடுவது. இப்படிக் கேட்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பிடிக்கும்.

பிரிட்ஜில் ஒரு சேனல் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. அதனால் ஸ்பீக்கருக்குப் போகும் வோல்டேஜ் இரண்டு மடங்கு, கரண்ட்டும் இரண்டு மடங்கு. ஒவ்வொரு சேனலுக்கும் பாதி ஓம்தான் தெரியும். 4 ஓம் மாட்டினால் சேனலுக்கு 2. அவர் வண்டியில் இருந்த 1 ஓமுக்கு வெறும் அரை ஓம், கிட்டத்தட்ட ஷார்ட். எல்லோரும் முதலில் வாட்ஸைக் கேட்கிறார்கள். ஓமைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அப்புறம் வயரை மாற்றினேன். ஒரே சப்பில் முதல் காயிலின் மைனஸை இரண்டாவதின் பிளஸ்ஸோடு சேர்த்தால் 8 ஓம். இப்படி இரண்டு சப்பையும் பேரலலில் போட்டால் 4. மீட்டரில் 3.5 வந்தது. டிசியில் அளந்தால் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அது சரி. இந்த ஆம்பில் பிரிட்ஜுக்கு இடது பிளஸ், வலது மைனஸ். மற்ற இரண்டு திருகும் காலி.

9 வோல்ட் பேட்டரியை சப் வயரில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன், இரண்டு கோனும் வெளியே வந்தன. ஒன்று உள்ளே போயிருந்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும்.

மே 29

ஆம்பின் மைனஸை வண்டியின் தகரத்தோடு சேர்க்கும் எர்த்துக்கு இன்று முழு நாளும் போனது. பாம்பனில் இரண்டு பக்கமும் கடல், உப்புக்காற்று எதையும் விடாது. பெயின்டுக்கு மேலேயே திருகியிருந்த லக்கில் (வயர் முனையில் மாட்டும் வளையம்) பச்சைக் களிம்பு. பவர் வயரோ செம்பு பூசிய அலுமினியம், வெட்டிய முனை வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வெள்ளீயம் பூசிய செம்பு வயர் இழுத்தேன். எர்த் இடத்தில் தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, லக்கை இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். அது ஆம்பைக் காக்க இல்லை, வயர் பற்றி எரியாமல் இருக்க.

மே 30

கெயின் வைத்தேன், அதாவது உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற திருகை. இந்த ஆம்ப் பிரிட்ஜில் 4 ஓமுக்கு 400 வாட்ஸ். 400-ஐ 4-ஆல் பெருக்கினால் 1600, அதன் வர்க்கமூலம் 40, அதுதான் ஆம்ப் தர வேண்டிய வோல்டேஜ். சப்பைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, ஏசியில் 40 வோல்ட் வரும்வரை கெயினைத் திருப்பினேன். அதற்கு மேல் திருப்பினால் அலை வெட்டுப்பட்டு காயில் கருகும். சப்புக்கு பேஸை மட்டும் அனுப்பும் கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ்.

சிவப்பு லைட் வரவே இல்லை. தம்பிக்கு ஒரே சந்தோஷம், இதே மாதிரி இன்னொரு சப் சேர்க்கலாமா என்றார். 8 ஓம் மூன்று பேரலலில் 2.67 ஓம். இந்த ஆம்புக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினேன்.