இருபது உறையில் ஏழு

ஊருக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. அம்பாசமுத்திரத்தில் மேல்காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. குற்றாலத்துச் சாரலில் மிச்சம் மீதி இங்கேயும் வந்து தூவுகிறது. வாசலில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் ஒரே கேள்வி. "ஏல, அங்க துப்பாக்கியெல்லாம் வச்சிச் சுடுதியாமே?" அம்மா யாரிடமோ சொன்னது தெருவைச் சுற்றி வந்ததில், நான் கரடி சுட்டவனாகிவிட்டேன்.

கரடியெல்லாம் இல்லை. எல்லாம் பித்தளையால் வந்தது.

நான் வேலைக்குப் போன ஊர் மொன்டானா மாநிலத்துப் போஸ்மன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,800 அடி. இயந்திர பாகங்கள் கடையும் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர் வேலை. முதல் குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரியைப் பார்த்தோம். கறிவேப்பிலை தபாலில் வந்தது. பேச ஆள் கிடையாது. இதையெல்லாம் முன்னால் போனவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள், விடுங்கள்.

பக்கத்து வீட்டில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டு கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பழைய லேத், கையால் இயக்கும் பிரஸ் ஒன்று, மேசை நிறையப் பித்தளைத் தோட்டா உறைகள். நான் நின்றது துப்பாக்கிக்காக இல்லை, அந்த வாசனைக்காக. சூடுபட்ட பித்தளைக்கு ஒரு வாசனை உண்டு. எங்கள் வீட்டில் தாத்தா காலம்வரை கன்னார் பட்டறை, பித்தளைப் பாத்திரம் அடிக்கிற தொழில். அப்பா எவர்சில்வர் வந்து தொழில் படுத்த பிறகும் ஈயம் பூசுவது, குடத்து ஒடுக்கு எடுப்பது என்று 2005 வரைக்கும் உலையை அணைக்காமல் ஓட்டினார். இத்தனை ஆயிரம் மைல் தள்ளி அதே வாசனை வந்தால் கால் நகருமா?

அவர் செய்துகொண்டிருந்தது வைல்டுகேட். கடையில் கிடைக்காத தோட்டா. அங்கே தோட்டாக்களின் அளவுகளை வரையறுக்கும் அமைப்பு 1926-இல் தொடங்கியது. SAAMI என்கிற அதன் சுருக்கப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'சாமி' என்று வரும். சாமி அங்கீகரிக்காத அளவில், ஆசைக்கு ஒருவர் தானே உருவாக்கிக்கொள்ளும் தோட்டாதான் வைல்டுகேட். சில சமயம் சாமியும் மனசு இறங்கும். தர்ட்டி-ஆட்-சிக்ஸ் என்கிற 1906-ஆம் வருடத்து ராணுவத் தோட்டாவின் வாயைச் சுருக்கிச் செய்த ட்வென்டிஃபைவ்-ஆட்-சிக்ஸ், பல பத்தாண்டுகள் அநாதையாக ஓடி, 1969-இல் ரெமிங்டன் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகுதான் கடைக்கு வந்தது.

பெரியவர் செய்ததும் அதே தர்ட்டி-ஆட்-சிக்ஸ் உறையில்தான். 63 மில்லிமீட்டர் நீளம். அதன் கழுத்தை 6.5 மில்லிமீட்டர் குண்டுக்கு ஏற்ப இறுக்கி, சாய்வாக இருக்கும் தோளை 40 டிகிரிக்கு நிமிர்த்த வேண்டும். பி. ஓ. ஆக்லி என்ற துப்பாக்கித் தச்சர் (1903–1989) பரப்பிய முறை இது. தோள் நிமிர்ந்தால் உள்ளே வெடிமருந்துக்கு இடம் கொஞ்சம் கூடும், சுடச்சுட உறை நீள்வதும் குறையும். கழுத்து, தோள், வயிறு, அடி என்று அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடத்துக்கு அப்பா சொல்லும் அதே பெயர்கள்.

தோள் நிமிர்வது எப்படி என்பதுதான் வேடிக்கை. அதை அடித்து நிமிர்த்துவதில்லை. ரைஃபிளில் தோட்டா உட்காரும் குழிக்குச் சேம்பர் என்று பெயர்; அதை ரீமர் என்ற குடையும் கருவி விட்டுப் புது வடிவத்தில் குடைந்துகொள்கிறார்கள். பழைய வடிவத்து உறையை அதில் போட்டுச் சுட்டால், உள்ளே எழும் அழுத்தத்தில் பித்தளை உப்பி சேம்பரின் வடிவத்துக்கே வந்துவிடும். சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு அளவுக்கு அழுத்தம். கார் டயரில் 32, 33தான். இதில் அளவு தப்பினால் முகத்துக்கு நேரே வெடிக்கும். அதனால் குறைந்த மருந்தில் தொடங்கி, நூலேணி ஏறுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார். ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு உறையின் அடியைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். அடியில் பதிந்திருக்கும், மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர் தட்டையாகியிருந்தாலோ, சேம்பரை மூடும் போல்ட்டைத் தூக்கக் கை கனத்தாலோ அன்றைக்கு அத்தோடு சரி.

எனக்கு வேறு சிக்கல். வேலை விசாவில் இருப்பவன் அங்கே துப்பாக்கியைத் தொடக்கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. காலி உறைகூடச் சட்டத்தின் கண்ணுக்குத் தோட்டாதான் என்று பெரியவரே படித்துக் காட்டினார். உள்ளூர்க்காரருக்கான உரிமத்துக்கு அந்த மாநிலத்தில் 180 நாள் குடியிருந்திருக்க வேண்டும். 1985-க்குப் பிறகு பிறந்தவன் என்பதால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு வேறு. அந்த ஆறு மாதமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு நோட்டில் எண்களை மட்டும் எழுதித் தந்தேன். நம் பக்கம் காட்டுப்பன்றிக்கு என்று உரிமம் வாங்கி ஒற்றைக்குழல் வைத்திருக்கும் மாமாவுக்குத் தேர்தல் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். அவரிடம் இதைச் சொன்னேன். "எல்லா ஊர்லயும் நடைதான் போல" என்றார்.

உரிமம் வந்த வாரம் முதல் இருபது உறை. சுட்டு எடுத்துப் பார்த்தால் ஏழு கிழிந்திருந்தது. கழுத்திலிருந்து தோள்வரை, நகத்தால் கீறியதுபோல மயிரிழைக் கோடு. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஏழையும் வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவை பல தடவை சுட்டு, இறுக்கி, மறுபடி சுட்ட பழைய உறைகள். அடிபட அடிபடப் பித்தளை விறைத்துக்கொள்ளும். கன்னார் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியவருக்கும் தெரியும். அவரும் கழுத்தைச் சூடுகாட்டி இளக்கித்தான் இருந்தார். பின்னே ஏன்?

ராத்திரி அப்பாவுக்கு வாட்ஸப்பில் வீடியோ போட்டேன். இங்கே காலை காப்பி நேரம். போனைப் பெரியவர் பக்கம் திருப்பினேன். ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, உறைகளை அதில் பாதி உயரம் மூழ்க நிற்கவைத்து, கேஸ் டார்ச்சால் கழுத்தில் சுடர் காட்டினார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடியத் தண்ணியில நிறுத்தியிருக்காரு. சரிதான், அடி இளகுனா போச்சு. தொழில் தெரிஞ்ச ஆளு. ஆனா ஏல, இவ்வளவு வெளிச்சத்துல நெறம் எப்படித் தெரியும்? லைட்ட அணைக்கச் சொல்லு."

அணைத்தோம். கராஜ் கும்மிருட்டு. சுடர் பட்டதும் கழுத்து கறுத்து, பிறகு விளிம்பில் செம்மை எட்டிப் பார்த்தது. அவ்வளவு லேசாக. விளக்கு வெளிச்சத்தில் அது தெரிந்திருக்காது.

"இந்தா, இப்பம்! தட்டி விடு, தண்ணியில விழட்டும்."

பெரியவர் தயங்கினார். இரும்பைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் இறுகுமே என்று ஒருகணம் கை நின்றுவிட்டது. பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டு தட்டிவிட்டார். பித்தளைக்கு அந்தக் குணம் கிடையாது. மெதுவாக ஆறினாலும் சட்டென்று ஆறினாலும் இளகியது இளகியதுதான். இவ்வளவு நாள் வெளிச்சத்தில் பார்த்து, சில உறைக்குச் சூடு போதாமல் விட்டிருக்கிறார், சிலவற்றுக்கு அளவு மீறியிருக்கிறார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் போனில் அப்பாவும் ஆஜர். ஒருநாள் பெரியவர் சொன்ன கதை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வெள்ளைக்காரன் பட்டாளம் இந்தியாவில் இருந்தபோது மழைக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயத்தில் வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் உறைகள் தானாகவே வெடிப்பு விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம். இழுத்து நீட்டிய பித்தளைக்குள் தேங்கிய இறுக்கத்தோடு அதுவும் சேர, உலோகம் பிளந்துவிட்டது. 1920-களில் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். தீர்வும் அதேதான்: சூடுகாட்டி இறுக்கத்தை எடுத்துவிடுவது. தோட்டாப் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம். "குதிரைக்குக்கூடப் பித்தளையப் பத்தித் தெரிஞ்சிருக்கு" என்று அப்பா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சோதனைக்கு ஊருக்கு வெளியே மேட்டுநிலம். 600 கெஜத்தில் ஓர் இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டிருப்பார். சுட்டால் இரண்டரை விநாடி போல ஆகும் 'டண்' என்று சத்தம் வந்து சேர. அது பட்டறைச் சத்தமேதான். வேகம் அளக்கும் கருவி விநாடிக்கு 2,900 அடிக்குப் பக்கத்தில் காட்டும்; நான் நோட்டில் குறிப்பேன். ஒரு சூட்டுக்கும் அடுத்ததற்கும் பத்துப் பதினைந்து அடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் முகம் சுருங்கிவிடும் அவருக்கு. ஆனால் காற்று முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று அடித்தால் அந்தத் தூரத்தில் குண்டு இரண்டடி தள்ளிப்போகும். கிழக்கே லிவிங்ஸ்டன் என்று ஓர் ஊர், காற்றுக்குப் பெயர்போனது. லாரிகளை நெடுஞ்சாலையிலிருந்து திருப்பிவிடுவார்கள். நான் பணகுடிப் பக்கம் காற்றாலை சுற்றும் ஆனிக் காற்றில் சைக்கிள் மிதித்தவன். புல் சாய்வதைப் பார்த்துக் காற்று சொல்வது மட்டும் எனக்கு முதல் நாளிலிருந்தே வந்தது. அந்த ஒரு விஷயத்தில் பெரியவர் என்னைக் கேட்டுத்தான் சுடுவார்.

600 கெஜத்தில் தகட்டை அடிக்கிறவர், மிருகம் என்றால் 300-க்கு மேல் சுடமாட்டார். தகடு ஓரத்தில் பட்டால் ஆடிவிட்டு நிற்கும், மிருகம் காயத்தோடு ஓடிப்போய்க் காட்டில் சாகும் என்பார். நீண்ட தூரம் சுட்டதைப் பீற்றிக்கொள்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

நவம்பரில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு அவரோடு பனியில் நடந்தேன். எல்க் என்பது நம் மிளா மாதிரிதான், உருவம் இன்னும் பெரிசு. நான் சுடவில்லை, அவர் சுட்டதை இழுத்து வரவே முதுகு விட்டுவிட்டது. மனைவி மிளகு தூக்கலாகச் சுக்கா வைத்தாள். பெரியவர் மூக்கு ஒழுகச் சாப்பிட்டார். முண்டந்துறைக் காட்டு மிளாவைத் தொட்டால் 1972-ஆம் வருடத்துச் சட்டம் உள்ளே தள்ளிவிடும் என்று சொன்னபோது, நல்லதுதான் என்றார்.

காலி உறை ஒன்றை அப்பாவுக்குக் காட்டக் கொண்டுவர ஆசை. விமான நிலையத்தில் வம்பு வரும், வேண்டாம் என்று படம் மட்டும் எடுத்து வந்தேன். இருட்டில் இளக்கிய அடுத்த இருபது. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணருகே பிடித்து, விரலால் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தொன்பது பழுதில்லை. கடைசியில் ஒன்றின் கழுத்தில் அதே மயிரிழை.

"இந்த ஒண்ணு எதுக்குல கிழிஞ்சுது?"

தெரியலப்பா என்றேன். நாலு நாளாகச் சாப்பிடும்போதெல்லாம் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.