காமன் ரேங்க்கா, கேட்டகிரி ரேங்க்கா?

ஐஐடியில் சேருவதற்கான நுழைவுத் தேர்வு, ஜேஇஇ அட்வான்ஸ்டு, ரிசல்ட் வந்தது 2023 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தார். அப்பா சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் இ-சேவை தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘திருப்பி அனுப்பப்பட்டது’ என்ற வரியை முறைத்துக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதியாயிற்று, ரேங்க்கும் வந்தாயிற்று. ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ்தான் வரவில்லை.

ஐஐடிக்கு எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இந்தச் சான்றிதழ் வாங்கும் கதையைச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் நான் சொல்கிறேன். படிப்பைப் பற்றி ஒரே வரி: பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் இரண்டு வருஷம் கோச்சிங், அவ்வளவுதான்.

என்னிடம் ஓபிசி சான்றிதழ் ஏற்கெனவே இருந்தது. அட்வான்ஸ்டுக்கு முந்தைய கட்டமான ஜேஇஇ மெயினுக்காக ஜனவரியில் வாங்கியது. அதுவே போதும் என்று நினைத்தது முதல் தப்பு. அட்வான்ஸ்டுக்கு அந்த வருஷம் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு தேதி போட்ட சான்றிதழ்தான் செல்லும். சாதி மாறப்போவதில்லை. ஆனால் ‘கிரீமி லேயரில் இல்லை’, அதாவது ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில் இல்லை என்பதை வருஷா வருஷம் புதிதாகக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய நிரந்தர சாதிச் சான்றிதழை நீட்டினால் வேலைக்கு ஆகாது. அது மாநிலப் பட்டியல், இது மத்தியப் பட்டியல். பதிவு செய்யும்போது கையில் இல்லையென்றால், பிறகு தருகிறேன் என்று ஒரு உறுதிமொழியை ஏற்றிவிடலாம். ஏற்றினேன். ஏற்றிவிட்டுப் படிக்கப் போய்விட்டது இரண்டாவது தப்பு.

மே முதல் வாரம் அப்பா இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனு போட்டார். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். இரண்டாவது மேசையோடு திரும்பி வந்துவிட்டது. காரணம்: ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மேல்.

அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். இருபத்தேழு வருஷ சர்வீஸ். சம்பளத்தைக் கூட்டினால் 8 லட்சத்தை லேசாகத் தாண்டும், உண்மைதான். ஆனால் கிரீமி லேயர் வருமானக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியர் வீடு என்றால் பார்க்க வேண்டியது பதவி எந்த குரூப் என்பதைத்தான். அப்பா குரூப் சி, அதனால் நாங்கள் கிரீமி லேயரில் வர மாட்டோம். 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட மத்திய அரசு உத்தரவு இது. அந்த உத்தரவின் எண் சான்றிதழிலேயே அச்சாகி வருகிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் அதைப் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை போலிருக்கிறது.

ரிசல்ட்டுக்கு மறுநாள் திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போனோம். தாசில்தார் ஜமாபந்தியில், கிராமக் கணக்குத் தணிக்கையில், இருந்தார். பள்ளிக்கூடம் திறந்த நேரம் வேறு, வருமானச் சான்று, சாதிச் சான்று என்று வராண்டா முழுக்கக் கூட்டம். ஒரு அக்கா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக மூன்றாவது முறை வந்திருந்தார். புங்க மரத்தடியில் பதினொரு மணிக்கு உட்கார்ந்தோம். உள்ளே கூப்பிட்டபோது மணி நாலே கால்.

மேசையில் இருந்தவர் கெட்டவர் இல்லை. மின்விசிறியைக்கூட எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ரேங்க் கார்டைப் பார்த்துவிட்டு, “எப்பா, ஐஐடியா!” என்று பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கு சார் இது? நல்லாப் படிக்கிற பாப்பா. ஜெனரல்லயே போகட்டுமே.”

பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு என்னோடு பஸ் ஏறியது. வீடு வரை வந்தது. ஆகஸ்டில் ரயில் ஏறியபோது அதுவும் ஏறிக்கொண்டது.

அப்பா இருபத்தேழு வருஷம் கோப்பு பார்த்தவர், ஆனால் இன்னொரு அலுவலகத்தின் மேசைக்கு முன்னால் நின்றால் அவருக்கும் வாய் வராது. “சரிங்க சார்” என்று எழுந்துவிட்டார். அன்று ராத்திரி நான் 1993 உத்தரவையும் 2004-ல் வந்த விளக்கத்தையும் தரவிறக்கி, சம்பளம் சேராது என்கிற பத்தியில் மஞ்சள் மை அடித்து, மூன்று நகல் எடுத்தேன். அப்பாவின் அலுவலகத்தில் ‘இவர் குரூப் சி’ என்று ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டோம். இந்தக் கடிதம்தான் முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள். மனுவைப் புதிதாகப் போட்டு, எல்லாவற்றையும் அதோடு ஸ்கேன் செய்து ஏற்றினோம்.

புதன்கிழமை போனபோது மண்டலத் துணை வட்டாட்சியர் மட்டும் இருந்தார். மஞ்சள் அடித்த பத்தியை இரண்டு முறை படித்தார். விரல் வைத்துப் படித்தார். “இது தெரியாம எத்தனை மனுவத் திருப்பி அனுப்பினோமோ” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த வருஷம் முழுவதும் எனக்குக் கிடைத்த வெற்றிகளில் பெரியது அதுதான், ரேங்க்கைவிட. அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சான்றிதழ் வந்தது. வெள்ளிக்கிழமை முதல் ரவுண்டு சீட் ஒதுக்கீடு.

சீட் வந்தது. ஒதுக்கீட்டுக் கடிதத்தில் பிரிவு என்ற இடத்தில் ஓபிசி-என்சிஎல் (கிரீமி லேயரில் இல்லாத ஓபிசி), இருக்கை வகை என்ற இடத்தில் பெண்களுக்கு மட்டும். ஆக, கோட்டாவுக்குள் கோட்டா. பணம் கட்டி ஆவணங்களை ஏற்றிய மறுநாளே ‘குவெரி’ வந்தது: பெயர் பொருந்தவில்லை. சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக என் பெயருக்குப் பின்னால், மதிப்பெண் பட்டியலில் வெறும் இனிஷியல். வடக்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே புரியாது. அது அப்பா பெயரின் முதலெழுத்து என்று ஒரு பக்கம் கடிதம் எழுதி, ஆதாரையும் சேர்த்து அனுப்பினேன். கெடு முடிய நாலு மணி நேரம் இருக்கும்போது ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளே, மனு போடும்போதே பெயரைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

விடுதியில் முதல் நாள், பெயர் கேட்பதற்கு முன்னாலேயே கேட்டார்கள்: “ரேங்க் என்ன?” இரண்டாயிரத்துச் சொச்சம் என்றேன். உடனே அடுத்த கேள்வி: “காமனா, கேட்டகிரியா?” எல்லோரையும் சேர்த்துப் போட்ட ரேங்க்கா, என் பிரிவுக்குள் மட்டும் போட்டதா என்று அர்த்தம். கேட்டகிரி என்றதும் ஒரு சின்ன “ஓ”. யாரும் முகம் சுளிக்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. அந்த “ஓ” ஒன்றுதான். எங்கள் ஊரில் கவுன்சலிங் என்றால் ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி என்று கட்-ஆஃப் வரிசையாக வரும்; 69 சதவீத இடஒதுக்கீடு உள்ள மாநிலத்தில் அதைக் காய்கறி விலை மாதிரி சத்தமாகப் படித்துப் பழகியவள் நான். இங்கே அதையே தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள் என்பது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து என் காமன் ரேங்க்கை, ஒன்பதாயிரத்துச் சொச்சத்தை, சொல்ல ஆரம்பித்தேன். எண் பெரியது, ஆனால் அடுத்த கேள்வி வராது.

அதே 2023-ல் ஐஐடி பம்பாய், சக மாணவரின் ஜேஇஇ ரேங்க்கையோ சாதியைக் காட்டிக்கொடுக்கும் வேறு எதையுமோ கேட்பது முறையல்ல என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நான் படிப்பது வேறு இடம்.

முதல் கணித வினாத்தாளில் இருபதுக்கு நாலு. பக்கத்து அறைப் பெண்ணுக்கு மூன்று. அவள் “பேப்பர் மோசம்” என்று சொல்லிவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனாள். நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தாலுகா ஆபீஸ்காரர் சொன்னது சரிதானோ என்று உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு மார்க் வித்தியாசத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு ஐஐடியிலும் எந்தப் பிரிவு எந்த ரேங்க்கில் ஆரம்பித்து எதில் முடிந்தது என்று பட்டியல் வெளியிடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஓபிசி இல்லாமல் இருந்தால் எனக்கு எது கிடைத்திருக்கும் என்று தேடுவேன். கிடைத்திருக்கும், வேறு ஊர், வேறு பிரிவு, ஆனாலும் ஐஐடிதான். அப்பாடா என்று இருக்கும். ஆனால் மறுநாள் ராத்திரி மறுபடி திறப்பேன், ஏனென்றால் பெண்கள் இருக்கை என்ற இன்னொரு வரி இருக்கிறதே. பெண்களுக்கான கூடுதல் இடங்கள் 2018-ல் தொடங்கின. அதையும் கழித்துப் பார்க்க வேண்டுமல்லவா? கழித்துக் கழித்து, நான் ஓபிசியும் இல்லை, பெண்ணும் இல்லை என்கிற இடத்துக்கு வந்து நின்றேன். அப்படி ஒருத்தர் உலகத்திலேயே இல்லை, அவருக்கு சீட் கிடைக்குமா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இதை எங்கள் தளத்திலேயே இருந்த ஒரு தோழியிடம் சொன்னேன். எஸ்சி பிரிவில் வந்தவள், ஆந்திராக்காரி. சிரித்தாள். “உனக்குக் கழிச்சாலும் மிச்சம் இருக்கு. எனக்குக் கழிச்சா சீட்டே இல்ல. நான் என்ன, ஊருக்குத் திரும்பிப் போகட்டுமா?” என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. ‘கேட்டகிரிதான், ஆனாலும் நான் உண்மையில் தகுதியானவள்’ என்று நான் போட்ட கணக்கு ஒவ்வொன்றும் அவளைத் தகுதியில்லாதவள் என்று சொல்கிற கணக்கு. அன்றோடு அந்தப் பட்டியலைத் திறப்பதை விட்டேன். முழுக்க விட்டேன் என்று சொன்னால் பொய், குறைந்தது.

மனநல ஆலோசகரிடமும் போனேன். ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்றார். 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், சாதித்த பெண்களிடம் கண்டு எழுதியது. தனக்கு இடம் கிடைத்தது சேர்க்கைக் குழுவின் தவறால்தான் என்று நம்பிய மாணவிகள்கூட அதில் உண்டாம். கேட்க ஆறுதலாக இருந்தது. “இது எல்லாருக்கும் வரும், உள்ளே இருந்து வரும் குரல்” என்றார். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. என் விஷயத்தில் அந்தக் குரல் உள்ளே இருந்து வரவில்லை மேடம், அது நாலே கால் மணிக்கு மேசைக்குப் பின்னாலிருந்து வந்தது, விடுதி வராண்டாவிலிருந்து வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “சரிங்க மேடம்” என்று எழுந்து வந்தேன், அப்பா மாதிரியே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜேஇஇ மெயினைத் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். என் அறைத்தோழி, கோச்சிங்குக்குப் பேர்போன ராஜஸ்தானின் கோட்டா நகரத்தில் இரண்டு வருஷம் தங்கிப் படித்தவள், பொதுப்பிரிவு, அட்வான்ஸ்டை இந்தியில் எழுதினாள். கெட்டிக்காரி, உழைப்பாளி, எனக்குப் பல நாள் இயற்பியல் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவளிடம் ஒருமுறை, “தாய்மொழியில பேப்பர் கிடைச்சதுக்கு யாராவது உன்னைக் கேள்வி கேட்டாங்களா?” என்றேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. நல்ல மனசு, அரைமணி நேரம் கழித்து வந்து, “நீ தமிழ்ல எழுதியிருந்தா எவ்வளவு வந்திருக்கும்?” என்று கேட்டாள். யாருக்குத் தெரியும். நானும் கோச்சிங் போனவள், அப்பாவின் சேமநல நிதியில் கடன் எடுத்துத்தான் ஃபீஸ் கட்டினோம். எங்கள் பள்ளியில் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்ட ஒருத்தி அந்த ஃபீஸ் கட்ட முடியாமல் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தாள்.

போன மாதம் சித்தப்பா பையன் தாலுகா ஆபீசிலிருந்து போன் செய்தான். மெயின் தேறிவிட்டான், அட்வான்ஸ்டு எழுதப்போகிறான். “அக்கா, சம்பளம் ஜாஸ்தின்னு திருப்பி அனுப்பறாங்க.” மஞ்சள் அடித்த பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன், அனுப்பினேன். குரூப் சி கடிதம் வாங்கியாச்சா, பெயரை ஒப்பிட்டாயா, தேதி ஏப்ரலுக்குப் பிறகு வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ம் கொட்டினான். கடைசியில், “அக்கா, அங்க போனா ரேங்க் கேப்பாங்களாமே?”

“கேப்பாங்க.”

“எத சொல்லணும்?”

பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிடும் சத்தம் கேட்டது. “உன் நம்பர் வந்துடுச்சு பாரு, உள்ள போ முதல்ல” என்றேன்.