மரப்படகில் ஜிங்க் கட்டை: கூடினாலும் கேடுதான்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பழைய மர விசைப்படகுகள் கரையேறுவது பெரும்பாலும் அந்த 61 நாளில்தான். பலகை மாற்றி, இடுக்கில் பஞ்சு அடைத்து, பெயின்ட் அடித்து முடிந்த பிறகு, இறக்குவதற்கு முன் ஜிங்க் கட்டைக்கு, அதாவது தான் கரைந்து மற்ற உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் துத்தநாகக் கட்டைக்கு, நேரம் வரும். "அரிப்பு ஜாஸ்தியா இருக்கு, இன்னும் ரெண்டு சேர்த்துப் போடு" என்பதுதான் வழக்கமான உத்தரவு. இரும்புப் படகு அதைத் தாங்கும். மரப்படகு தாங்காது.

ஜிங்க் கரைந்து ஒரு உலோகத்தைக் காப்பாற்றும்போது, அந்த உலோகத்தின் மேற்பரப்பில் காரம் உண்டாகிறது. திறந்த கடலில் அது உடனே கழுவப்பட்டுப் போகும். ஈர மரத்துக்குள் நுழைந்த போல்ட்டைச் சுற்றி அது போக வழியில்லை. காஸ்டிக் சோடாவாகத் தேங்கி, மரத்தைக் கட்டி வைத்திருக்கும் லிக்னினைத் தின்னும். காகித ஆலை மரத்தைக் கூழாக்குவதும் இதே முறையில்தான். உள்பக்கம் போல்ட் தலையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் சுரண்டிப் பாருங்கள். காரத்தைக் காட்டிக்கொடுக்கும் ஃபினால்ஃப்தலீன் கரைசலை ஒரு சொட்டு விட்டதும் இளஞ்சிவப்பாக மாறினால் சந்தேகமே வேண்டாம். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் மரம் நார் நாராக வரும். போல்ட் மட்டும் புதிதுபோல் இருக்கும். அதைப் பிடித்திருந்த மரம் போயிருக்கும். பழியைப் பூச்சி மேல் போட்டுவிட்டு, மறுபடி அதே இடத்தில் அதே கட்டையை மாட்டுவார்கள்.

அதிகக் காப்பு வேறு தொல்லையைக் கொண்டுவரும் என்பது புதுச் செய்தியும் அல்ல. 1824-இல் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செப்புத் தகட்டுக்கு இரும்பும் துத்தநாகமும் வைத்துக் காப்புக் கொடுத்தார். செம்பு கரையவில்லை, ஆனால் அதன் மேல் சிப்பியும் பாசியும் ஏறி, கப்பலின் வேகம் குறைந்தது.

ஆகவே கட்டையை எண்ணாமல், மில்லிவோல்ட்டை அளக்க வேண்டும். வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனை ஒன்றைப் படகுக்குப் பக்கத்தில் கடலில் தொங்கவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையை அதிலும் சிவப்பு முனையைப் படகின் உலோகத்திலும் வையுங்கள். கட்டையே இல்லாத வெண்கலம் ஏறக்குறைய −250 முதல் −300 வரை காட்டும். மரப்படகில் −550 முதல் −600 போதும். −900-ஐ நெருங்கினால் கட்டையைக் குறையுங்கள்.

எல்லா உலோகத்தையும் செப்புக் கம்பியால் இணைப்பது இன்னொரு பழக்கம். அதற்கு ஒரு நியாயம் உண்டு. பேட்டரி பாசிட்டிவ் ஒயர், படகின் அடியில் கடல்நீர் வழியை மூடித் திறக்கும் ஒரு வால்வில் பட்டுவிட்டால், இணைப்பு இருக்கும்போது ஃப்யூஸ் போகும். இல்லையென்றால் மின்சாரம் வால்விலிருந்து கடல் வழியாகப் புரொப்பெல்லருக்குப் போய், இன்ஜின் மூலம் பேட்டரிக்குத் திரும்பும், அரிபடுவது வால்வு. ஆனால் அதே கம்பி, ஜிங்க்கின் காப்பை வேண்டாத இடத்துக்கெல்லாம் கொண்டுபோய் மரத்தைக் கெடுக்கும். மின்ஒயர் அருகில் செல்லாத, தனியாக நிற்கும் கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) வால்வுக்குக் கம்பியே வேண்டாம் என்பதே என் கணிப்பு. இன்ஜின், ஷாஃப்ட், இரும்புச் சுக்கான் ஆகியவற்றுக்கு வேண்டும். செப்புப் பட்டை என்றால் 13 மி.மீ. அகலம், 0.8 மி.மீ. கனத்துக்குக் குறையக் கூடாது. மொத்த மின்தடை ஒரு ஓமுக்குள் நிற்க வேண்டும். பச்சை பிடித்த ஒரே ஒரு லக் (கம்பி முனையில் மாட்டும் இணைப்பு) போதும், அந்தக் கணக்கைக் கெடுக்க.

ஷாஃப்ட்டில் தனிச் சிக்கல் உண்டு. கியர்பாக்ஸின் எண்ணெய்ப் படலமும் ரப்பர் கப்ளிங்கும் தொடர்பை அறுத்துவிடும். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே புரொப்பெல்லருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஓம் பாருங்கள். எண் தாவினால் ஷாஃப்ட் மேல் உரசும் பிரஷ் ஒன்று வேண்டும். ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கும் ஸ்டெர்ன் கிளாண்டில் கிராஃபைட் பேக்கிங் போடவே கூடாது. கிராஃபைட்டுக்குப் பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் கூடக் குழி விழும்.

கட்டை வாங்கும்போது எடையை மட்டும் பார்க்கிறார்கள். ஜிங்க்கில் இரும்பு 0.005 சதவீதத்தைத் தாண்டினால் மேலே படலம் கட்டி வேலையை நிறுத்திவிடும். ஒரு பருவம் முழுதும் கடலில் கிடந்தும் கரையாத கட்டையை "நல்ல சரக்கு" என்று பாராட்டுபவர்கள் உண்டு. அது வேலையே செய்யவில்லை என்பதுதான் பொருள். தொடும் முகத்தைப் பளபளவெனத் தேய்த்து மாட்டுங்கள். பெயின்ட் படக் கூடாது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

சில வாரத்திலேயே கட்டை தீர்ந்தால், அதை மின்கசிவு என்று சந்தேகியுங்கள். ஒரு ஆம்பியர் ஒரு நாள் முழுக்கக் கசிந்தால் 25 கிராம் இரும்பு போகும். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பாசிட்டிவ் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை முதலில் 10 ஆம்பியரில் வைத்து, பிறகு மில்லியாம்பியருக்கு இறக்குங்கள். ஜிபிஎஸ் போல எப்போதும் கொஞ்சம் இழுக்கும் கருவிகளை முன்பே கழற்றிவிடுங்கள். பிறகும் எண் வந்தால் ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் இறைக்கும் தானியங்கிப் பம்ப்பின் மிதவை ஸ்விட்ச். மெயின் ஸ்விட்சுக்கு முன்னாலேயே அதை இணைத்திருப்பார்கள், அதன் ஒயர் முறுக்கும் அடித்தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும்.