வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டேன்

சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர் ஆன முதல் வருஷம். டெஸ்டிங் பார்ப்பவருக்குப் புதன்கிழமையே கோட் கைக்கு வந்தாக வேண்டும். டெவலப்பருக்கு வெள்ளிக்கிழமை வரை அவகாசம் வேண்டும். இரண்டு பேரும் என் மேஜை முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். நான் பெரிய நாட்டாமை மாதிரி, "சரி, வியாழக்கிழமை" என்று தீர்ப்புச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் கோடும் அரைகுறை, டெஸ்டிங்கும் அரைகுறை.

நிர்வாகத்தைப் பற்றி எழுதியும் பேசியும் வந்த மேரி பார்க்கர் ஃபாலெட்டை நான் படித்தது அதற்கு அப்புறம்தான். ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக வேலையை அளந்த டெய்லரைத் தெரிந்த அளவுக்கு இவரை யாருக்கும் தெரியாது. 1868-ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். கம்பெனி எதையும் நடத்தியவர் கிடையாது. பாஸ்டனில் சாயங்காலமானால் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடங்களைத் திறக்கவைத்து, அக்கம்பக்கத்து ஜனங்கள் கூடும் இடமாக்கப் பாடுபட்டவர். நாலு விதமான ஆட்களை ஒரே அறையில் உட்காரவைத்தவருக்குச் சண்டையைப் பற்றித் தெரியாமலா இருக்கும்?

1925-ல் நியூயார்க்கில் நிர்வாகிகளிடம் பேசும்போது ஒரு ஜன்னல் கதை சொன்னார். ஹார்வர்ட் நூலகத்தில் ஒரு சின்ன அறை. ஒருவர் ஜன்னலைத் திறக்கவேண்டும் என்கிறார், ஃபாலெட் மூடியே இருக்கட்டும் என்கிறார். நானாக இருந்தால் பாதி திறந்து வைத்திருப்பேன். அவர்கள் ஆளில்லாத பக்கத்து அறைக்குப் போய் அங்கே ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும், அவ்வளவுதான். ஃபாலெட்டுக்கு வடகாற்று நேராக மேலே அடிக்காமல் இருந்தால் போதும்.

இதே பேச்சில் பால்காரர்களும் வருவார்கள். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில், மேட்டிலிருந்து வண்டி இறக்கி வருகிறவர்கள் முதலில் கேனை இறக்குவதா, பள்ளத்திலிருந்து ஏறி வருகிறவர்களா என்று தகராறு. சங்கமே உடையும் நிலை. கேன் இறக்கும் மேடையை இடம் மாற்றிப் போட்டதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறக்க முடிந்தது. சமரசம் என்றால் ஆளுக்குக் கொஞ்சம் இழப்பது, இங்கே யாரும் எதையும் இழக்கவில்லை என்பது அவர் கணக்கு.

அடுத்த ரிலீஸுக்கும் அதே புதன், அதே வெள்ளி. இந்த முறை வாயை மூடிக்கொண்டு, "புதன்கிழமை எதுக்கு?" என்று மட்டும் கேட்டேன். டேட்டாபேஸ் அமைப்பு மாறினால் டெஸ்ட் டேட்டாவைத் திரும்ப ஏற்ற ஒன்றரை நாள் பிடிக்குமாம். மற்ற கோட் எப்போது வந்தாலும் பரவாயில்லையாம். டெவலப்பர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்: "அதை முந்தின வாரமே முடிச்சுட்டேனே!" டேட்டாபேஸ் மாற்றம் செவ்வாய்க்கிழமையே போனது. மிச்சம் வெள்ளிக்கிழமை.

ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு உத்தரவு போடுவதைவிட, இரண்டு பேரும் சேர்ந்து நிலைமையிடம் உத்தரவு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பார் ஃபாலெட். 'நிலைமையின் சட்டம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. "நிலைமை அப்படி, நான் என்ன செய்ய?" என்று சொல்லி என் சொந்த முடிவை அதற்குப் பின்னால் ஒளித்து வைத்ததும் நடந்திருக்கிறது. சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால்தான் அது நிலைமை. நான் மட்டும் பார்த்துவிட்டு வந்து சொன்னால் அது பழைய உத்தரவேதான்.

எல்லாச் சண்டைக்கும் பக்கத்து அறை இருக்கும் என்று அவரும் சொல்லவில்லை. ஒரே பெண்ணைக் கட்டிக்கொள்ள இரண்டு ஆண்கள் நின்றால் இந்த வித்தை பலிக்காது என்று அதே உரையில் ஒப்புக்கொள்கிறார். போன வருஷம் என் டீமில் ஒரே ஒரு புரமோஷன், தகுதியாக இரண்டு பேர். எத்தனை "எதுக்கு?" கேட்டும் ஜன்னல் கிடைக்கவில்லை. ஒருவருக்குக் கொடுத்தேன். காரணத்தை இன்னொருவரிடம் நேரில் சொன்னேன். மூன்று வாரம் என்னிடம் அவர் சரியாகப் பேசவில்லை.