டாக்டர் வராமல் ஷிஜாக் சொல்லாதீர்கள்

போன வாரக் கடைசியில் கொங்குப் பக்கம் நடந்த ஒரு மண்டல டேக்வாண்டோ போட்டிக்கு ரெஃப்ரியாகப் போய்விட்டு வந்தேன். தொண்டை இன்னும் சரியாகவில்லை. மேட்டில் (போட்டி விரிப்பில்) நின்று கத்தியதில் பாதி போனது, மேட்டுக்கு வெளியே வாதாடியதில் மீதியும் போனது. ரெஃப்ரி செமினார் முடித்துவிட்டு முதல் தடவையாக இந்த மாதிரிப் போட்டிக்குக் கிளம்பும் தம்பி, தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விதிகள் உங்களுக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லி யார் யார் எந்த நேரத்தில் நெருக்குவார்கள் என்பதைச் செமினாரில் சொல்லித் தர மாட்டார்கள்.

இடம் ஒரு கல்யாண மண்டபம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் பக்கம் பல போட்டிகள் அப்படித்தான் நடக்கின்றன. முதல் நாள் சாயங்காலம் வெயிட் எடுத்தார்கள். நான் போவதற்குள் பாதிப் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். பார்த்தால், டிஜிட்டல் மெஷினை ஸ்பாஞ்ச் மேட்டின் மேல் வைத்திருக்கிறார்கள். பிள்ளை ஏறி நின்றதும் மேட் அமுங்குகிறது, எண் ஒரு தடவை காட்டியது மாதிரி மறு தடவை காட்டவில்லை. மெஷினை எடுத்து டைல்ஸ் தரையில் வைத்தேன். கேடட் (சின்னப் பிள்ளைகள்) 41 கிலோவுக்கு உட்பட்ட பிரிவுப் பையன் ஒருவன், மேட்டில் 40.7 என்று எழுதப்பட்டவன், தரையில் 41.3 வந்தான்.

அவ்வளவுதான், எல்லா கோச்சும் கூடிவிட்டார்கள். எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும் என்று ஒரு பக்கம், எங்கள் பிள்ளையை மட்டும் எதற்கு மறுபடி ஏற்றுகிறீர்கள் என்று இன்னொரு பக்கம். எல்லோரையும் முதலிலிருந்து தரையில் எடுப்போம் என்றேன். நேரமாகிவிட்டது, மேசையை மூடுகிறோம் என்றார் அமைப்பாளர். சர்க்குலரில் ஏழு மணி வரை என்று போட்டிருந்தது. முதல் தடவை எடை கூடினால், குறித்த நேரத்துக்குள் இன்னொரு தடவை ஏற உரிமை உண்டு. அந்தப் பையன் செய்த தப்பு எதுவும் இல்லாதபோது அவன் உரிமையை ஏன் பறிக்க வேண்டும்? சர்க்குலரைக் கையில் வைத்துக்கொண்டு மேசைப் பக்கத்திலேயே நின்றேன். பாத்ரூம் போய்வந்து, டிராக் பேன்ட்டைக் கழற்றிவிட்டு ஏறினான். 40.9. அவன் அம்மா முகத்தைப் பார்த்தபோது இரண்டு மணி நேர வாக்குவாதமும் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அவன் மத்தியானத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளையைக் காயப்போட்டு எடை குறைக்கும் கோச்சுகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

மறுநாள் காலை ஒன்பதுக்கு முதல் பவுட் (ஆட்டம்). சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றி, சால்வை போட்டு முடிக்கவே பதினொன்று. அந்தத் தாமதத்தை நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். “ஆரம்பிச்சிடுங்க சார், டாக்டர் வந்துட்டே இருக்கார்” என்றார்கள். மேசையில் இருந்தது ஒரு ஸ்ப்ரே, பஞ்சு, நாலு பேண்டேஜ். ஷிஜாக், அதாவது ஆரம்பிக்கலாம் என்ற கட்டளையை, சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போன வருஷம் டாக்டர் இல்லாமலேயே நல்லபடியாக முடிந்தது என்று ஒருவர் சொன்னார். தலையில் உதைத்தால் 3 பாயிண்ட், சுழன்று உதைத்தால் 5 பாயிண்ட் என்று நாமே சொல்லிக் கொடுத்து விளையாட விடுகிறோம். அப்படியிருக்கும்போது இது எப்படிப் பேச்சாகும்? அடுத்த மேட்டில் இருந்த ரெஃப்ரி என்னைவிட இளையவர். நான் நிற்பதைப் பார்த்து அவரும் மேட்டை விட்டு இறங்கிவிட்டார். முக்கால் மணி நேரத்தில் பக்கத்து நர்சிங் ஹோமிலிருந்து டாக்டர் வந்தார், வாசலில் ஆம்புலன்ஸும் நின்றது. முடியாது முடியாது என்றது முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

காத்திருந்த நேரத்தில் மேட் இடைவெளிகளை டேப் போட்டு ஒட்ட வைத்தோம். வழவழப்பான தரையில் மேட் நகர்ந்துகொண்டே இருக்கும், கால் விரல் மாட்டினால் போச்சு. டேப் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது கார்னர் ஜட்ஜ், அதாவது மேட் ஓரத்தில் உட்கார்ந்து பாயிண்ட் போடுபவர். எங்கள் மேட்டில் உதை பட்டதைத் தானே பதியும் எலக்ட்ரானிக் கவசம் கிடையாது, மூன்று ஜட்ஜ் கையால் அழுத்துவதுதான். இரண்டு பேர் ஒரே நொடிக்குள் அழுத்தினால் பாயிண்ட். அந்த மூன்று பேரும் ஏதாவது ஒரு கிளப்பின் பிளாக் பெல்ட் பசங்கள். முதல் பவுட்டிலேயே, நீலக் கவசம் போட்டு விளையாடுகிற பிள்ளையின் கிளப்பைச் சேர்ந்தவர் கார்னரில் உட்கார்ந்திருந்தார். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் தோற்றவனின் அப்பா அதை நம்ப வேண்டுமே! டை ஷீட்டை (யாரோடு யார் மோதுகிறார்கள் என்ற பட்டியலை) வாங்கி, ஒவ்வொரு பவுட்டுக்கும் யார் எந்த கிளப் என்று பார்த்து ஆளை மாற்றி உட்கார வைத்தேன். நேரம் பிடிக்கத்தான் செய்யும். பரவாயில்லை. நம்மிடம் வீடியோ ரீப்ளே கிடையாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலேயே பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன் தலையில் உதைத்ததை ஜட்ஜுகள் கவனிக்கவில்லை, அப்பீலுக்குப் பிறகுதான் முடிவு மாறியது. நம் மேட்டில் அந்த மூன்று ஜோடிக் கண்கள்தான் எல்லாம். அதனால் பத்துப் பவுட்டுக்கு ஒரு தடவை ஜட்ஜுகளுக்கு டீ கொடுத்து ஆள் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் தர மாட்டார்கள்.

பெற்றோர் சண்டையில் பாதி ரவுண்டு கணக்கால் வருகிறது. 2022 முதல் மூன்றில் இரண்டு ரவுண்டு ஜெயித்தவர்தான் வெற்றியாளர், மொத்தப் பாயிண்டுக்கு வேலை இல்லை. இரண்டாவது ரவுண்டை மட்டும் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்த பையனின் அப்பா, கூட்டிப் பார் கூட்டிப் பார் என்று மேசையைத் தட்டினார். காலையிலேயே மைக்கில் இதைத் தமிழில் ஒரு தடவை அறிவிக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு செமி ஃபைனலைச் சொல்கிறேன். ஜூனியர் பெண்கள், ஆளுக்கு ஒரு ரவுண்டு, மூன்றாவதில் நீலம் முன்னிலை. சிவப்பு சுழன்று உதைத்தது காதுக்கு மேலே பட்டது. நீலம் பக்கவாட்டில் விழுந்தாள். கல்யோ (நிறுத்து) என்றேன். விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டி எண்ண ஆரம்பித்தேன். ஹனா, தூல், செத், கொரிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தில் எழுந்துவிட்டாள். எழுந்தாலும் எட்டு வரை எண்ணியாக வேண்டும், இதை மறக்கவே கூடாது. எட்டில் கையைத் தூக்கி, ஓகே சார் என்றாள். கண் என் மேல் நிற்கவில்லை. இது எத்தனாவது ரவுண்டு என்று கேட்டேன். முதல் ரவுண்டு என்றாள்.

டாக்டரைக் கூப்பிட்டேன். பார்த்தார், வேண்டாம் என்று தலையாட்டினார். பவுட்டை நிறுத்தி சிவப்பின் கையைத் தூக்கினேன். கோச் மேட்டுக்குள் வந்துவிட்டார். அவ லீட்ல இருந்தா சார், இன்னும் 20 செகண்டுதான் சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய ஏமாற்றம் எனக்குப் புரிகிறது, அந்தப் பெண் நன்றாகத்தான் ஆடினாள். ஆனால் அந்த 20 செகண்டில் இன்னொரு உதை விழுந்தால் யார் பொறுப்பு? இப்படி நேரத்தில் கோச்சோடு பேச்சு வளர்க்காதீர்கள். முடிவைச் சொல்லிவிட்டு மேசைக்குப் போய் ரிப்போர்ட் எழுதுங்கள். அதே பெய்ஜிங்கில், காயத்துக்கான ஒரு நிமிடம் முடிந்துவிட்டது என்று பவுட்டை நிறுத்தியதற்காக, ஸ்வீடன் ரெஃப்ரி சாகிர் செல்பாத்தின் முகத்தில் கியூபா வீரர் ஏஞ்சல் மாட்டோஸ் உதைத்தார். மாட்டோஸுக்கு ஆயுள் தடை விதித்தார்கள். முடிவு மாறவில்லை.

டாக்டர் அந்தப் பெண்ணை ஸ்கேனுக்கு அனுப்பினார். பயப்படும்படி எதுவும் இல்லை, ஓய்வு மட்டும் எடுக்கச் சொன்னார்கள் என்று சாயங்காலம் அதே கோச் வந்து சொன்னார். அதற்குப் பிறகுதான் சாப்பிடப் போனேன்.

பயணப்படி இன்னும் வரவில்லை. கிளம்பும்போதே வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுங்கள், அப்புறம் அனுப்புகிறோம் என்றால் அது அப்புறம்தான். கையெழுத்தான டை ஷீட்டையும் ஸ்கோர் ஷீட்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது அடுத்த நாளே உதவியது. செமி ஃபைனலில் நின்ற அந்தப் பெண்ணுக்கு வெண்கலம், சர்டிபிகேட்டில் பங்கேற்பு என்று அடித்திருந்தார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குக் காட்ட வேண்டிய காகிதம் அது. படத்தை அனுப்பியதும் மறுபேச்சு இல்லை, திருத்திய சர்டிபிகேட் கூரியரில் போய்விட்டது.